சும்மா இருப்பவளின் இடுப்பு

என் முதுகெலும்பை முதன்முதலாகப் படத்தில் பார்த்தபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. ஸ்கேன் படத்தை வெளிச்சப் பலகையில் செருகிய மருத்துவர் பேனா முனையால் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினார். எல்4–எல்5, எல்5–எஸ்1. மேலே உள்ள வட்டுகள் நடுவில் வெளுத்துத் தெரிந்தன. இவை இரண்டும் கருத்துக் கிடந்தன. “தண்ணி இருந்தா வெள்ளையாத் தெரியும். இதுல வத்திடுச்சு. தேய்மானம்தான், வயசாகுதில்ல” என்றார். நின்றுகொண்டே பாடம் நடத்துவதைக் குறைக்கச் சொன்னார். வீட்டில் செய்யும் வேலையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று பதிவு மேசையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, வலது கையை இடுப்பில் ஊன்றிய நிலை. மேசையில் இருந்தவர் பெயர், வயது கேட்டுவிட்டு “வேலை?” என்றார். “சும்மாதான் இருக்கேன்” என்றார் அந்தப் பெண். ‘இல்லத்தரசி’ என்று கணினியில் ஏறியது. பிறகு பெஞ்சில் அருகருகே உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது: எக்கியார்குப்பத்துக்காரர், மணமாகி வந்த நாள் முதல் மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமப்பவர், மழை மாதங்களில் நூறு நாள் வேலைக்கும் மீன் விற்கவும் போகிறவர். “பின்ன ஏன்க்கா சும்மா இருக்கேன்னு சொன்னீங்க?” என்றேன். “இப்ப சீசன் இல்லியே மா” என்றார்.

நெய்தல் திணை குறித்து ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவள் நான். உமணர், உமட்டியர், கழி, அளம் என்று முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு உப்புக் கூடையை மண்ணிலிருந்து தலைக்கு ஏற்ற எத்தனை கை வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் எக்கியார்குப்பத்துக்குப் போகத் தொடங்கினேன். இந்தக் கட்டுரையும் அங்கிருந்துதான் வருகிறது.

சங்கப் பாடல்களின் உப்பு எனக்குப் பாடமாக இருந்த ஊர்ப்பக்கம்தான் அது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். மரக்காணத்துக்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் நடுவில் நீளக் கிடக்கும் நிலத்துக்கு இன்றும் அதே பெயர்தான். அந்தப் பாட்டில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். உமணர் வண்டிகளோடு வந்த மந்தி, உமட்டியர் பெற்ற பிள்ளைகளோடு கிலுகிலுப்பை வைத்து விளையாடும் காட்சி அதில் உண்டு. பெரும்பாணாற்றுப்படையின் உப்பு வண்டிக் காட்சியில் குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளைப் பின்னிருந்து ஓட்டுகிறாள். அகநானூற்றில் அம்மூவனாரின் உமணர் மகள் தெருவில் உப்பைக் கூவி விற்கிறாள். இவ்வளவு பெண்களையும் வகுப்பில் ‘சங்க காலப் பெண்களின் பொருளாதாரப் பங்களிப்பு’ என்ற தலைப்பில் நடத்தியிருக்கிறேன். அவர்களுக்கு எங்கே வலித்திருக்கும் என்று ஒரு மாணவிகூடக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இடுப்பைப் பற்றி நம் கவிஞர்கள் பேசாமல் இல்லை. இடை, மருங்குல், நுசுப்பு என்று சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. அனிச்சப் பூவைக் காம்பு களையாமல் சூடிவிட்டாளே, அந்தப் பாரத்தில் இவள் இடை முறியுமே என்று குறளின் காமத்துப்பால் கவலைப்படுகிறது. பூவுக்கும் முலைக்கும் நகைக்கும் ஒடியக் கூடியதாக இரண்டாயிரம் ஆண்டாகப் பாடப்பட்ட இடுப்பு அது. உப்புக் கூடைக்கு ஒடியும் என்று பாடியவர் யாரும் இல்லை. பேச்சுத் தமிழ் இன்னும் நேர்மையானது. ‘இடுப்பொடிய வேலை செய்தாள்’ என்கிறது. ‘இடுப்பு வலி எடுத்திருச்சு’ என்றால் பிரசவ வலி. அதே சொற்கள்தான் நாள்பட்ட வலிக்கும். தெற்கே குறுக்கு வலி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நாரி நோகுது என்பார்கள். அங்கே நாரி என்றால் கீழ்முதுகு. வடசொல் வழியாக வந்த நாரிக்குப் பெண் என்று பொருள். இரண்டும் வேறு வேறு வேர்ச் சொற்கள்தாம். ஆனாலும் அகராதியில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சற்று நேரம் பக்கத்தைப் புரட்ட முடிவதில்லை.

உப்பின் அரசியல் வரலாறு தெரிந்ததுதான், விரைவாகச் சொல்லிவிடலாம். 1805இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்து சட்டத்தை மீறினார். ருக்மிணி லட்சுமிபதி அந்தப் போராட்டத்தில் சிறை சென்றார். வரி, சட்டம், சிறை, விடுதலை எல்லாம் எழுதப்பட்டுவிட்டன. வரி போட்டவனுக்கும் வரியை எதிர்த்தவனுக்கும் நடுவில் அந்த உப்பைச் சுமந்து கரையேற்றிய தலைகள் புனைவில்தான் முதலில் வந்தன. தூத்துக்குடி உப்பளங்களில் தங்கி, பார்த்து, ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வெளிவந்தது. வரலாற்றுத் துறைக்கு அந்த வேலையை ஒரு நாவலாசிரியை செய்துகொடுத்தார்.

இப்போது வேலையைச் சொல்கிறேன். தை, மாசியில் மழைச் சேற்றை வாரி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவதில் ஆரம்பம். பிறகு உப்புநீர் கட்டி, வெயிலில் காயவிட்டு, உப்பு பூத்ததும் நீண்ட காம்புள்ள பலகையால் வாருகிறார்கள். வாருவது பெரும்பாலும் ஆண். கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி, வரப்பில் நடந்து, மேட்டில் குவிப்பது பெண். வெயிலுக்கு முன் முடிக்கவேண்டும் என்று இருட்டிலேயே கிளம்புகிறார்கள். ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வரப்பு வழுக்கும். தலையில் பாரத்தோடு சறுக்காமல் இருக்க உடம்பு முழுவதும் விறைத்து நிற்கவேண்டும். வீட்டுக்கு வந்தால் குடத்தில் தண்ணீர், விறகு, துணி, பேரப்பிள்ளை.

1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சுரங்கக்காரர், குயவர் என்று தொடங்கி, மருத்துவச்சிகள், பாலூட்டும் செவிலியர், துணி வெளுக்கும் பெண்கள், உப்பு விளைவிப்போர் வரை அதில் அத்தியாயங்கள் உண்டு. நோயாளியிடம் ஹிப்போகிரட்டீஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார் அவர்: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வி நம் மருத்துவமனைப் படிவத்தில் ஒரு கட்டமாக இருக்கிறது. பதில் மட்டும் ‘சும்மா’.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவம் முதுகுவலியைப் பாலினம் பார்த்துப் பிரித்தது. 1828இல் கிளாஸ்கோவில் தாமஸ் பிரவுன் என்ற மருத்துவர் முதுகுத் தண்டு நரம்புகளின் ‘எரிச்சல்’ என்ற நோயை விவரித்தார். முள்ளெலும்பை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, வலிக்கும் இடத்தில் அட்டை விடுவார்கள், கொப்புளம் எழுப்பும் மருந்து தடவுவார்கள். அந்த நோய்ப்பெயர் பெரும்பாலும் இளம்பெண்களுக்கே ஒட்டப்பட்டது. 1866இல் லண்டனில் ஜான் எரிக் எரிக்சன், ரயில் விபத்துகளில் சிக்கியவர்களின் முதுகெலும்பு பற்றி நூல் எழுதினார். ‘ரயில்வே முதுகு’ என்று அது பேர் பெற்றது. அதற்கு வழக்கு இருந்தது, இழப்பீடு இருந்தது. அதை மறுக்க விரும்பியவர்கள் ‘இது ஹிஸ்டீரியா’ என்றார்கள். அதாவது ஆணின் முதுகுவலியைப் பொய்யாக்க வேண்டுமானால் அதைப் பெண்ணின் வலி என்று சொன்னால் போதும். இதைப் படித்த அன்று நான் சிரித்தேன். சிரித்தால் இடுப்பில் பிடிக்கும் காலம் அது.

1934இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலுக்கு ஓடும் நரம்பை அழுத்துவதாக, குருத்தெலும்புக் கட்டி என்று எண்ணி வெட்டி எடுக்கப்பட்டவை பலவும் கட்டியே அல்ல, கிழிந்து பிதுங்கிய வட்டு என்று காட்டினார்கள். அதன்பின் முதுகுவலி என்றாலே வட்டு என்றாகிவிட்டது. அறுவை சிகிச்சைகள் பெருகின. நம் ஊர்ப் பேச்சிலும் ‘டிஸ்க் விலகிடுச்சு’, ‘ஜவ்வு தேஞ்சிடுச்சு’ என்று அது வந்து சேர்ந்தது.

வட்டு என்பது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். முள்ளெலும்புகளுக்கு இடையில் 23 வட்டுகள். வெளியே அடுக்கடுக்கான நார் வளையம், உள்ளே கூழ். வயதுவந்த உடம்பில் ரத்தக் குழாய் நுழையாத உறுப்புகளில் இதுவே பெரியது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தகட்டின் வழியே ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. கூழில் உள்ள பெரிய மூலக்கூறுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. அவை சோடியத்தை இழுத்துப் பிடிக்கின்றன, அந்த உப்பு தண்ணீரை இழுக்கிறது. பகல் முழுதும் பாரத்தில் நீர் பிழியப்படுகிறது, இரவு படுக்கையில் மீண்டும் ஊறுகிறது. காலையில் இருந்த உயரத்தைவிட மாலையில் நாம் ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ குறைந்திருப்பது இதனால்தான். வயது கூட அந்த மூலக்கூறுகள் சிதைகின்றன, உப்பைப் பிடிக்கும் திறன் குறைகிறது, நீர் வற்றுகிறது. இதைச் சொன்னபோது எக்கியார்குப்பத்து அக்கா “அப்ப உள்ளயும் உப்பளந்தானா?” என்றார். அங்கே உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, இங்கே தண்ணீர் போனால்தான் உப்பு என்று நான் விளக்க முயன்றேன். அவருக்கு வேலை இருந்தது, போய்விட்டார்.

1960களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாகெம்சன் உயிருள்ள மனிதரின் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது அழுத்தம் 100 என்றால், மல்லாந்து படுக்கும்போது 25, முன்குனிந்து எடை பிடிக்கும்போது 220. பின்வந்த அளவீடுகள் சில எண்களைத் திருத்தின. குனிந்து தூக்குவது கடினம் என்பதை மாற்றவில்லை. உப்பளத்தில் அழுத்தம் ஏறுவது நடக்கும்போதைவிடக் குனிந்து அள்ளும்போதும், கூடையைத் தரையிலிருந்து மேலே எடுக்கும் அந்த நொடியிலும்தான். அதனால்தான் ‘கை குடு’ என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிடுகிறாள். பெண்களே கண்டுபிடித்த மருத்துவம் அது.

தலைச்சுமையைப் பற்றி ஒரு ஆராய்ச்சிப் பெருமிதமும் உண்டு. 1986இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை ஒன்று, கென்யப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையில் சுமந்தாலும் கூடுதல் சக்தி செலவாவதில்லை என்றது. அவர்கள் அளந்தது மூச்சில் போன ஆக்சிஜனை. கழுத்தை யாரும் அளக்கவில்லை. இயற்கை நமக்குக் கொடுத்த சலுகை ஒன்றும் உண்மையில் இருக்கிறது. கீழ்முதுகின் வளைவு ஆணுக்கு இரண்டு முள்ளெலும்புகளிலும் பெண்ணுக்கு மூன்றிலும் பரவியிருப்பதாகவும், அது கருவைச் சுமப்பதற்கான பரிணாமத் தகவமைப்பு என்றும் 2007இல் அதே இதழில் ஒரு ஆய்வு சொன்னது. கருவுக்குத்தான் அந்த ஏற்பாடு. உப்புக் கூடைக்கு இல்லை.

எனக்குப் பிடிக்காத ஆய்வுகளுக்கு வருகிறேன். உப்பளமே வட்டைத் தேய்த்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் 1995இல் பின்லாந்தில் 115 ஜோடி ஒரே கரு இரட்டையரின் முதுகெலும்பை ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். வாழ்நாள் முழுதும் பாரம் தூக்கியவருக்கும் நாற்காலியில் இருந்தவருக்கும் வட்டுத் தேய்வில் எதிர்பார்த்த அளவு வேறுபாடு இல்லை. தேய்வின் பெரும்பகுதியைப் பிறப்பும் குடும்பமும் விளக்கின. வேலையின் பங்கு சிறியது. அத்தனை பேரும் ஆண்கள்தாம், பின்லாந்து மரம்வெட்டியின் முதுகு மரக்காணத்துப் பெண்ணின் முதுகாகுமா என்று நான் தப்பிக்கப் பார்த்தேன். 1999இல் பெரும்பாலும் பெண் இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வும் மரபணுவின் பங்கு ஏறத்தாழ முக்கால் என்றது. தப்பிக்க வழியில்லை.

இன்னொன்று. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் திரட்டிப் பார்த்தது. நாற்பது வயதில் 68 விழுக்காட்டினருக்கு, ஐம்பதில் 80 விழுக்காட்டினருக்கு வட்டு தேய்ந்திருந்தது. வலி இல்லை. அப்படியானால் என் படத்தின் கறுப்பு வலியின் படமல்ல, நரையின் படம். நாள்பட்ட கீழ்முதுகு வலிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் இந்த உறுப்புதான் காரணம் என்று கைகாட்ட முடிவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

சில வாரங்கள் இந்தக் கட்டுரையை நிறுத்தி வைத்தேன். பிறகு ஒன்று புரிந்தது. வட்டு தேய்வது ஒரு கேள்வி. வலி வருவதும் போகாமல் தங்குவதும் வேறு கேள்வி. இரண்டாவதற்குக் கனம் தூக்குவது, குனிந்து வளைந்து செய்யும் வேலை, உறக்கமின்மை, மனச்சோர்வு, வேலையில் தன் சொல்லுக்கு இடமில்லாமை எல்லாம் காரணங்களாக ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. வலிக்கும் நாளில் பாரத்தைக் குறைத்துக்கொள்ள முடிந்தவளுக்கு வலி ஆறுகிறது. முடியாதவளுக்கு வலியே உடம்பின் பழக்கமாகிறது. எனக்கும் அக்காவுக்கும் ஒரே மாதிரி வட்டு இருக்கலாம். நான் மருத்துவ விடுப்பு எடுத்தேன். அவருக்கு அன்று வராவிட்டால் அன்று கூலி இல்லை. 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக ஒரு மதிப்பீடு, அதில் பெண்களே அதிகம். எல்லா வயதிலும் அப்படித்தான்.

பெண்கள் தாங்களே சொல்லும் காரணம் வேறு. எக்கியார்குப்பத்தில் நான் பேசிய இளம் தாய்மார் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதுலேர்ந்துதான்.” மூத்தவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையைச் சொன்னார்கள். பிரசவ வலி குறைக்க முதுகில் போடும் எபிட்யூரல் ஊசியை 2002இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சோதித்தது. குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்து, இரண்டு ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்ததில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகுவலியில் வேறுபாடு இல்லை. ஆகவே ஊசி குற்றவாளி அல்ல. ஆனால் அறியாமை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் கிட்டத்தட்ட 45 விழுக்காடு அறுவைப் பிரசவம். கருத்தடை அறுவையில் ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. தன் உடம்பில், தான் கேட்காமல், யாரோ செய்தது என்று ஒரு பெண்ணுக்குத் தெளிவாக நினைவில் நிற்கும் ஒரே சம்பவம் அந்த ஊசி. பிரசவம் முடிந்த மூன்றாம் மாதம் தூக்கிய குடமும், குழந்தையோடு குனிந்து கழித்த ஆயிரம் இரவுகளும் சம்பவங்களாக நினைவில் தங்குவதில்லை. அவை ‘சும்மா’வில் சேர்கின்றன.

எக்கியார்குப்பம் என்றதும் தமிழ்நாட்டுக்கு நினைவு வருவது 2023 மே மாதம். மெத்தனால் கலந்த சாராயம் அந்தக் குப்பத்தில் பத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெண்ணும் உண்டு. ஏன் குடிக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. “உடம்பு வலி” என்று ஊர்க்காரர்கள் சொன்னதைச் சாக்கு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சிறுபாணாற்றுப்படையில் இதே கரையில் நுளைமகள் வடித்த தேறலைப் பாணருக்கு ஊட்டுகிறார்கள் என்பதை அந்த வாரம் வகுப்பில் என்னால் நடத்த முடியவில்லை. குடிக்காத பெண்களுக்கு மெடிக்கல் கடையின் வலி மாத்திரை இருக்கிறது, சீட்டு இல்லாமல், இரண்டிரண்டாகக் கத்தரித்துத் தருவது. வெயிலில் நீர் குடிக்காமல் உழைத்த உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்து அதிகம். வலிக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

சட்டத்தைப் பார்த்தேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை எவரையும் தூக்க வைக்கக் கூடாது என்றது. உப்பளத்தில் பாரத்தை நிறுத்துப் பார்ப்பது விற்பனைக்காகத்தான். அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழிலால் வரும் நோய்கள் 29 இருந்தன. ஈயம், பாதரசம், ஆஸ்பெஸ்டாஸ், இரைச்சலால் வரும் காதுகேளாமை எல்லாம் இருந்தன. இடுப்புவலி இல்லை. ஜெர்மனியில் 1993 முதல், பல்லாண்டு பாரம் தூக்கியதாலோ உடலை மிகக் குனிந்து வேலை செய்ததாலோ வரும் கீழ்முதுகு வட்டு நோய் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. அங்கும் அதைப் பெறுவது சுலபமில்லை. அந்த வேலையையே விட்டால்தான் அங்கீகாரம் என்றொரு நிபந்தனையை 2021இல்தான் நீக்கினார்கள். அங்கும் பட்டியலில் இருப்பது வட்டுதான், வலி அல்ல. படம் சுத்தமாக இருந்தால் ‘ஒன்றுமில்லை’, கருத்திருந்தால் ‘வயசு’. இரண்டு பதிலிலும் கூடை காணாமல் போய்விடுகிறது.

கடந்த பங்குனியில் மீண்டும் போனேன். அக்கா பாத்தியில் நின்றிருந்தார். அவருடைய ஸ்கேன் முடிவிலும் தேய்மானம் என்றே எழுதியிருந்ததாம். ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்து பார்த்திருக்கிறார். வீட்டில் படுத்துக்கிடந்தது இன்னும் பிடித்துக்கொண்டது என்றார். அது சரிதான், நாள் கணக்கில் படுத்திருப்பது நல்லதில்லை, மெதுவாக நடமாடுவதே மேல் என்றுதான் இப்போதைய மருத்துவமும் சொல்கிறது என்றேன். “அதைத்தான் நான் பண்றேன்” என்று சிரித்தார். கூடை நிறைந்திருந்தது. “வா மா, ஒரு கை குடு” என்றார்.

“எனக்குத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருக்கா.”

“எனக்குந்தான் சொன்னாரு” என்றவர், அடுத்த பாத்தியில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.